வாட்ச் காட்டும் கிலோமீட்டர்: வாசகர் கேள்விகள்

ஓடுவதற்குக் கட்டும் ஜிபிஎஸ் வாட்ச் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேரள எல்லையோரத்திலிருந்து. திறந்தவெளிச் சாலையில் ஒழுங்காக அளக்கிற வாட்ச், மலையையும் மரத்தையும் கண்டால் ஏன் தடுமாறுகிறது என்பதே பலரின் கேள்வி.

“லோயர் கேம்பிலிருந்து குமுளி வரை மலைச்சாலையில் ஏறி, அதே வழியில் இறங்குகிறேன். ஏறும்போது காட்டுவதைவிட இறங்கும்போது 200 மீட்டர் வரை குறைவாகக் காட்டுகிறது. சாலை ஒன்றுதானே? வாட்ச் பழுதா?”
– வாசகர், கூடலூர் (தேனி)

பழுதில்லை. சாலையை நூல் பிடித்து அளக்கும் கருவியல்ல அது. நொடிக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளுக்கு இடையிலான நேர்கோடுகளைக் கூட்டிச் சொல்கிறது. புள்ளி சரியாக விழ, சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் வேண்டும். அந்த நான்கும் வானத்தில் பரவலாக இருக்க வேண்டும். குமுளிச் சாலையில் ஒரு பக்கம் மலைச்சுவர். பாதி வானம் அங்கேயே போய்விட்டது.

மறைவதுகூடப் பரவாயில்லை. பாறையில் பட்டுத் திரும்பி வருகிற சிக்னல்தான் தொல்லை. நேர்வழியில் வருவதைவிட ஒரு நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு தாமதமானாலும் கணக்கில் 30 மீட்டர் கூடிவிடும். மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் அந்த ராட்சதக் குழாய்களை ஒட்டியும் இதே கதைதான். இரும்பும் சிக்னலைத் திருப்பி அடிக்கும்.

இனி ஏற்ற இறக்க வித்தியாசம். ஏறும்போது கிலோமீட்டருக்கு 10 நிமிடம் என்று போனால் நொடிக்கு 1.7 மீட்டர்தான் நகர்கிறீர்கள். ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மூன்று மீட்டர் இப்படியும் அப்படியும் விழுந்தால், நேராக நடந்தவர் தள்ளாடி நடந்ததாகக் கணக்காகும், தூரம் கூடும். இறங்கும்போது வேகம் இரண்டு மடங்கு. தள்ளாட்டத்தின் பங்கு குறைகிறது. போதாததற்கு, புள்ளிகளை இணைக்கும் கோட்டை வழவழப்பாக்கும் உள்கணக்கு கொண்டை ஊசி வளைவுகளின் முனையைச் சீவிவிடுகிறது, தூரம் குறைகிறது. 200 மீட்டர் இப்படித்தான் வந்தது. ‘சரிவில் ஓடுவதால் தூரம் கூடுகிறது’ என்று சிலர் சொல்வார்கள். 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சாலையில் அந்த வகையில் கூடுவது கிலோமீட்டருக்கு 2 மீட்டர்கூட இல்லை.

செய்ய வேண்டியது: பதிவு இடைவெளியை ‘ஒவ்வொரு நொடியும்’ என்று மாற்றுங்கள். ‘ஸ்மார்ட்’ என்று இருந்தால் சில நொடிகளை விட்டுவிட்டுப் பதியும். செயற்கைக்கோள் அமைப்பில் ‘ஜிபிஎஸ் மட்டும்’ என்பதை விட்டு ‘எல்லா அமைப்புகளும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரட்டை அலைவரிசை இருந்தால் இந்த மாதிரி சாலைக்கு அதுதான். வழக்கமான 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையோடு 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலையையும் அது கேட்கும். இரண்டாவதில் வரும் குறியீடு பத்து மடங்கு வேகமானது என்பதால் நேர் சிக்னலையும் திரும்பி வந்ததையும் பிரித்தறிவது எளிது. பேட்டரி வேகமாக இறங்கும், அதுதான் விலை. காசு போட்டு புது வாட்ச் வாங்குமுன் சாலையோரக் கிலோமீட்டர் கற்களைப் பாருங்கள். கல்லுக்குக் கல் லேப் பொத்தானை (அந்தத் துண்டின் தூரத்தையும் நேரத்தையும் தனியாகப் பதிவது) அழுத்தினால் போதும். சபரிமலை சீசனில் மட்டும் வேண்டாம். அந்தப் போக்குவரத்தில் கையைப் பார்த்துக்கொண்டு ஓடுவது ஆபத்து.

“ரப்பர் தோட்டத்துக்குள் தினமும் ஒரே பாதையில் ஓடுகிறேன். ஜனவரி, பிப்ரவரியில் வரைபடக் கோடு நேராக இருக்கிறது. ஜூன், ஜூலையில் மரத்தின் மேலெல்லாம் ஏறிப் போகிறது. என்ன காரணம்?”
– வாசகி, குலசேகரம்

காரணத்தை நீங்களே பாதி சொல்லிவிட்டீர்கள். ரப்பர் இலையுதிர்க்கும் காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. தலைக்கு மேல் கூரை இல்லை, சிக்னல் நேராக இறங்குகிறது. மழைக்காலத்தில் தழைத்த இலை, அதில் தண்ணீர் வேறு. இலையில் உள்ள நீர் இந்த அலைகளை உறிஞ்சும். நனைந்த தோட்டம் காய்ந்த தோட்டத்தைவிட மோசம்.

இங்கே ஷூவில் மாட்டும் ஃபுட் பாட் நல்ல வழி. வானத்தையே பார்க்காமல் காலசைவைக் கொண்டு தூரம் சொல்லும். ஆனால் அளவு திருத்தாமல் மாட்டினால் பயனில்லை. 400 மீட்டர் தடத்தில் முதல் லேனில் 5 சுற்று ஓடுங்கள்: 2,000 மீட்டர். அது 1,940 என்று காட்டினால், பழைய திருத்த எண்ணை 2,000ஆல் பெருக்கி 1,940ஆல் வகுக்க வேண்டும். 100 என்று இருந்தது 103.1 ஆகும். இரண்டாம் லேனில் ஓடினால் சுற்றுக்கு 7 மீட்டர் கூடும், கணக்கு கெடும். ஷூ மாற்றினால் மறுபடி திருத்துங்கள்.

“ஆடிக் காற்றில் வயல்வெளிச் சாலையில் ஓடினால், சமதரைக்கே 100 மீட்டருக்கு மேல் ஏற்றம் காட்டுகிறது.”
– வாசகர், புளியரை

உங்கள் வாட்ச் உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துக் கணிக்கிறது. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ எட்டரை மீட்டர் ஏறியதாக எடுத்துக்கொள்ளும். கணவாய் வழியாக வீசும் தென்மேற்குக் காற்று கைமேல் மோதி மோதி விலகும்போது அழுத்தமும் ஏறி இறங்கும். ஒவ்வொரு மோதலும் ஒரு குட்டி மேடாகப் பதிவாகும். முழுக்கைச் சட்டையின் கையை வாட்சின் மேல் இழுத்துவிட்டால் பெருமளவு அடங்கும்.

காற்றில்லாத நாளிலும் இப்படியே என்றால் உணரித் துளையில் உப்புப் படிந்திருக்கும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் சில நிமிடம் ஊறவிட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஊசியோ ஊக்கோ விட வேண்டாம், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும். பிறகு உயரத்தைச் சரிசெய்ய ரயில் நிலையத்துக்குப் போங்கள். பெயர்ப்பலகையில் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். நடைமேடையில் நின்று அந்த எண்ணைப் பதியலாம். செலவு பிளாட்பார்ம் டிக்கெட் மட்டும்.

“ஆரியங்காவு பக்கம் போனால் செல்போன் டவர் போய்விடுகிறது. ஜிபிஎஸ்ஸும் நின்றுவிடுமா?”
– வாசகர், செங்கோட்டை

நிற்காது. வாட்ச் கேட்பது வானத்து சிக்னலை. டவருக்கு அதில் வேலையில்லை. ஒரு விஷயம் மட்டும்: எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற முன்கணிப்பை வாட்ச் போன் வழியாகத்தான் வாங்கி வைக்கிறது. ஒரு வாரம் இணைக்காமல் விட்டால் அது காலாவதியாகி, வானத்திலிருந்தே நேரடியாகக் கேட்டுக்கொள்ள வேண்டிவரும். அந்தத் தகவல் 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். இடையில் மரம் மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே கிளம்புமுன் வீட்டில் ஒருமுறை இணைத்துவிட்டு, திறந்த இடத்தில் ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று, சிக்னல் கிடைத்த பிறகு ஓடத் தொடங்குங்கள். விழுந்தால் வீட்டுக்குச் செய்தி போகும் வசதி, உங்கள் வாட்ச் போனை நம்பியிருக்கிற வகையென்றால், டவர் இல்லாத இடத்தில் வேலை செய்யாது. போகும் வழியைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

“மெதுவாகத்தான் ஓடுகிறேன். முதல் 10 நிமிடம் நாடித்துடிப்பு 175 காட்டுகிறது. பயமாக இருக்கிறது.”
– வாசகி, களியக்காவிளை

மூச்சு வாங்காமல் பேச முடிகிறது என்றால் அது பெரும்பாலும் காலடிக் கணக்கு. நிமிடத்துக்கு 170, 180 அடி வைக்கும்போது தளர்ந்த வாட்ச் அந்தக் குலுக்கலையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளி, நகராத அளவு இறுக்கிக் கட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்த கையென்றால் துடைத்துவிட்டு. சந்தேகம் தீர நின்று கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதுவும் 175 பக்கம் வந்தாலோ, தலைச்சுற்றல், நெஞ்சுவலி இருந்தாலோ வாட்சை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

“ஹாஃப் மாரத்தானில் என் வாட்ச் 21.4 கி.மீ. காட்டியது. 2 மணிக்குள் முடிக்கும் வேகத்தில்தான் ஓடினேன், ஆனால் தாண்டிவிட்டது. பாதையை நீளமாக அளந்துவிட்டார்களா?”
– வாசகர், தென்காசி

முறைப்படி அளந்த பாதை என்றால், வளைவுகளில் ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில்தான் அளந்திருப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது 21 மீட்டர், சேர்ப்பார்கள். மீதி நீங்கள் ஓடிச் சேர்த்தது: ஆட்களைச் சுற்றியது, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கியது, வளைவில் வெளிப்பக்கம் போனது. அதோடு ஜிபிஎஸ்ஸின் தள்ளாட்டம்.

21.0975 கி.மீ.யை 2 மணியில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி. வாட்ச் 21.4 காட்டப்போகிறது என்றால், அதன் முகத்தில் 5:36 தெரிந்தால்தான் அதே 2 மணி. அந்த 5 நொடிதான் உங்களைத் தள்ளிவிட்டது. அடுத்த முறை, வாட்ச் தன் கணக்கில் கிலோமீட்டருக்கு ஒருமுறை தானாகப் பதியும் ஆட்டோ லேப்பை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் நீங்களே லேப் பொத்தானை அழுத்துங்கள். 10ஆம் பலகையில் மொத்த நேரம் 56:50க்குள் இருக்க வேண்டும்.