கயிறு இழுத்துக் கை வலிக்கிறதா? வாசகர் கேள்விகள்

வியாசர்பாடியில் நான் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற சின்ன இன்ஜின்களில் பாதிக்கு மேல் வீட்டிலேயே யாராவது ஒருமுறை பிரித்துப் பார்த்தவைதான். அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். எதை முதலில் பிரிப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் சில:

மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு பகல் முழுக்க மூழ்கிக் கிடந்தது. அப்புறம் யாரும் தொடவில்லை. இப்போது கயிறு அசையவே மாட்டேன் என்கிறது. காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா? (கொளத்தூர்)

அவசரப்படாதீர்கள். 2023 டிசம்பரில் மூழ்கி, இத்தனை நாள் தண்ணீரோடு நின்றிருக்கிறது. பிஸ்டன் வளையங்கள் துருவேறி சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். கயிற்றைப் பலம்கொண்ட மட்டும் இழுத்தால் ஸ்டார்டர்தான் உடையும்.

ப்ளக்கைக் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் சரிபாதி கலந்து இரண்டு மூடி ஊற்றி, மூன்று நாள் விட்டுவிடுங்கள். பிறகு ஸ்டார்டர் மூடியை எடுத்துவிட்டு, ஃப்ளைவீல் நட்டில் சாக்கெட் போட்டு, நட்டு இறுகும் திசையில் மெதுவாக அசையுங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும், மீண்டும் ஊற்றி மறுநாள் பாருங்கள். நான்கு நாள் கெஞ்சியதில் இறங்கி வந்த இன்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். சுற்ற ஆரம்பித்தும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் பலம்) இல்லையென்றால் வால்வு சிக்கியிருக்கிறது, ஹெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

சுற்றிவிட்டது என்று உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பழைய ஆயிலை இறக்குங்கள். பால் விட்ட காபி நிறத்தில் வரும், அது ஆயிலில் கலந்த தண்ணீர். புது ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி புதிது ஊற்றுங்கள். 163 சிசி இன்ஜினுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும், கஞ்சத்தனம் வேண்டாம். டேங்கைக் கழுவி, கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்து சேற்றைத் துடைத்து, பெட்ரோல் போகும் ஜெட் ஓட்டையை ஒற்றை மெல்லிய செம்புக் கம்பியால் சுத்தம் செய்யுங்கள். ஊசி விட்டுக் குடையாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும்.

இன்ஜின் ஓடினாலும் கரண்ட் பக்கம் வேறு கதை. சுருள் கம்பிகளில் ஈரம் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் பல்பு கூடப் போடக் கூடாது. இன்னொன்று: மழை என்று ஜெனரேட்டரை மாடிப்படிக்கு அடியிலோ வராண்டாவிலோ வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இன்ஜின் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினால் ஜெனரேட்டர் இன்னும் லோடு தாங்குமா? (தண்டையார்பேட்டை)

தாங்காது. வீட்டு ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். சுற்றை ஏற்றினால் வோல்டேஜும் ஏறும், முதலில் ஃபிரிட்ஜ் போகும். அந்த ஸ்பிரிங் பக்கமே போகாதீர்கள்.

புல் வெட்டும் மெஷின் ஐடிலில் நன்றாக ஓடுகிறது. த்ராட்டில் கொடுத்ததும் அணைந்துவிடுகிறது. ப்ளக், காயில் இரண்டையும் மாற்றிவிட்டேன். (மாதவரம்)

காசு வீண். ஐடிலில் ஓடுகிறது என்றால் கரண்ட் வருகிறது, அது பெட்ரோலுக்குத்தான் ஏங்குகிறது. டேங்குக்குள் குழாய் நுனியில் குட்டியாக ஒரு ஃபில்டர் தொங்கும், அதைக் கொக்கி போட்டு வெளியே எடுங்கள். அநேகமாகக் கறுத்துப் போயிருக்கும். அது சுத்தமாக இருந்தால் சைலன்சருக்குள் இருக்கும் கம்பி வலையைப் பாருங்கள், கரி அடைத்தாலும் இதே நோய்தான். இரண்டும் சரியென்றால்தான் கார்புரேட்டர்.

டேங்கில் எத்தனை மாதப் பெட்ரோல் என்று நீங்கள் எழுதவில்லை. இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் அத்தனையையும் கொட்டிவிடுங்கள். முகர்ந்து பார்த்தாலே தெரியும், பழைய பெட்ரோல் பெயிண்ட் நாற்றம் அடிக்கும். இனி வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பெட்ரோல்-ஆயில் கலவை உங்கள் மெஷினின் புத்தகத்தில் உள்ளபடிதான்: 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான) ஆயில், 25-க்கு 1 என்றால் 40 மில்லி. பைக் ஆயிலை ஊற்றாதீர்கள்.

செம்பியத்தில் டிராக்டர் கம்பெனியில் இருந்து ரிட்டயர் ஆனவன். மகன் கனடாவில், ஒண்டாரியோவில் இருக்கிறான். பழைய ஸ்னோ புளோயர் ஒன்று வாங்கியிருக்கிறான். இன்ஜின் ஓடுகிறது, ஆனால் முன்னால் பனியை வாரும் ஆகரின் ஒரு பக்கம் சுற்றவில்லை. வீடியோ காலில் பார்த்தேன், தண்டில் ஒரு போல்ட் அறுந்திருக்கிறது. ஹை டென்சில் போல்ட் போடச் சொல்லட்டுமா? (பெரம்பூர்)

ஐயா, நீங்களே இப்படிக் கேட்கலாமா! டிராக்டரில் மண்ணைக் கிளற மாட்டும் ரோட்டவேட்டரில் கல் மாட்டினால் அறுவதற்கென்றே ஒரு ஷியர் போல்ட் வைத்திருப்பார்களே, அதே வேலைதான் இங்கும். பனிக்குள் புதைந்த செய்தித்தாள் கட்டோ கல்லோ மாட்டும்போது பத்து ரூபாய் போல்ட் அறுந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றுகிறது. உள்ளே பல மாடல்களில் வெண்கலப் பல்சக்கரம். கெட்டி போல்ட் போட்டால் அடுத்த தடவை அந்தப் பல்தான் உதிரும். அந்த மாடலுக்கென விற்கும் ஷியர் பின்னையே வாங்கி, உபரியாக நாலைந்து மெஷினிலேயே ஒட்டி வைக்கட்டும்.

பழைய மெஷின் என்பதால் ஒன்று சோதிக்கச் சொல்லுங்கள். இன்ஜினை அணைத்து, ப்ளக் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு பக்கப் பின்னையும் எடுத்தால் ஆகர் தண்டின் மேல் கையாலேயே தனியாகச் சுற்ற வேண்டும். துருப்பிடித்துத் தண்டோடு ஒட்டியிருந்தால் ஷியர் பின் இருந்தும் பிரயோஜனமில்லை. ஊடுருவும் எண்ணெய் விட்டு விடுவித்து, கிரீஸ் அடிக்க வேண்டும். வருடம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். இரண்டு பக்கமும் ஒருசேர நின்றுபோனால் பெல்ட்டைப் பார்க்கட்டும்.

ஆயில் நம் ஊர்க் கணக்கு அங்கே ஆகாது. இங்கே 30 கிரேடு ஊற்றுகிறோம், அந்தக் குளிரில் அது பாகாக உறையும். குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ-30 ஊற்றச் சொல்லுங்கள். மாசிப் பனிக்கே மஃப்ளர் கட்டுகிற நமக்கு அந்தக் குளிரெல்லாம் கற்பனைக்கு எட்டாது.

ஒன்றை மட்டும் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். பனி தள்ளும் குழாய் அடைத்துக்கொண்டால் கையை விடவே கூடாது, இன்ஜினை அணைத்த பிறகும்கூட. உள்ளே முறுக்கேறி நிற்கும் விசிறி, அடைப்பு விலகியதும் ஒரு அரைச் சுற்று வெட்டும். அங்கே விரல் போகிறவர்கள் பலருக்கும் இப்படித்தான் போகிறது. மெஷினோடு ஒரு பிளாஸ்டிக் குச்சி கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால் துடைப்பக் கட்டை போதும்.

மீஞ்சூரில் நாலு கிரவுண்டு இடம் இருக்கிறது. வெளிநாட்டில் ஓட்டுகிற மாதிரி குட்டி கார்டன் டிராக்டர் வாங்கலாமா? (திருவொற்றியூர்)

ஆசை புரிகிறது. ஆனால் நாலு கிரவுண்டு என்பது பத்தாயிரம் சதுர அடிகூட இல்லை, வண்டியைத் திருப்பவே பாதி இடம் போய்விடும். அந்த வண்டிகள் அடிப்படையில் புல்வெளி வெட்டப் பிறந்தவை, நம் களிமண்ணைக் கிளற அல்ல. மண்ணைக் கிளறிக் களை எடுக்கிற, பின்னால் நடந்து தள்ளுகிற பவர் வீடர் வாங்குங்கள். மழை விட்ட மறுநாளே இறக்காதீர்கள், மண் பிளேடில் அப்பிக்கொள்ளும். நீங்கள் கடலோரம் குடியிருப்பதால், மெஷினைத் திருவொற்றியூர் வீட்டு மொட்டை மாடியில் நிறுத்தாமல் மீஞ்சூரிலேயே கூரைக்கடியில் வைத்து, போல்ட்களுக்கெல்லாம் கிரீஸ் தடவி வையுங்கள். உப்புக் காற்றில் துருவேறிய 10 எம்எம் நட்டைக் கழற்ற என்னிடம் வந்தால், நட்டைவிடக் கூலி அதிகம்.