பழைய டீசல் பிக்கப் சாகவே சாகாது என்கிறார்களே, நம்பி வாங்கலாமா?

கேள்வியின் சுருக்கம்: மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை (பாமாயில் தருகிற மரம்) இருக்கிறது. குலை ஏற்ற ஒரு வண்டி வேண்டும். மாமா தன்னுடைய 1997 டொயோட்டா டீசல் ஹைலக்ஸை விலைக்குத் தருகிறேன் என்கிறார். "பழைய டீசல் சாகாது" என்று ஊரே சொல்கிறது. உண்மையா?

எஞ்சினைப் பற்றி ஊர் சொல்வது முக்கால்வாசி சரி. ஆனால் நீங்கள் எஞ்சினை மட்டும் வாங்கப் போவதில்லையே! நானும் சுங்கை சிப்புட்காரன்தான். அப்பா காலத்திலிருந்து சிறு தோட்டக்காரர்களின் குலையை மில்லுக்கு ஏற்றிப் போவதுதான் எங்கள் பிழைப்பு. எங்களிடம் வந்து போன பழைய வண்டிகளில் எஞ்சின் செத்து விற்றவை குறைவு. சேஸி, அதாவது வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம், இற்று விற்றவைதான் அதிகம்.

இந்தப் பெயர் சும்மா வரவில்லை. அந்தக் காலத்து ஹைலக்ஸில் 2எல் (2446 சிசி), 3எல் (2779 சிசி), 5எல் (2986 சிசி) என்று ஒரே குடும்பத்து எஞ்சின்கள். இசுசு பிக்கப்பில் 4ஜேஏ1, மிட்சுபிஷி ஸ்டோர்மில் 4டி56. எல்லாமே பம்பு டீசலை இயந்திர முறையில் அடிக்கிற ரகம். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு வேண்டியது பம்பின் டீசல் வால்வைத் திறந்து வைக்கிற கொஞ்சம் மின்சாரம்தான். ஸ்டார்ட்டரைச் சுற்ற பேட்டரிக்குத் தெம்பு இல்லாவிட்டாலும், சூடு ஆறாத எஞ்சின் என்றால் இறக்கத்தில் தள்ளிவிட்டுப் பிடிக்கலாம். தோட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட எவருக்கும் இதன் அருமை தெரியும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஹைலக்ஸின் எல் எஞ்சின் சுமைக்கு அஞ்சாது, சூட்டுக்கு அஞ்சும். ரேடியேட்டர் முகப்பில் சேறும் லாலான் புல்லின் பூவும் அப்பிக்கிடக்க, மேட்டில் முக்கிக்கொண்டு ஏறினால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடும். டைமிங் பெல்ட்டை லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் போய் முட்டும். ஸ்டோர்முக்கு இன்னொரு வம்பு. அதில் அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கென்று தனியாக ஒரு சின்ன பெல்ட். பெரிய பெல்ட்டை மாற்றும்போது "சின்னது நல்லாத்தான் இருக்கு" என்று பொமன் (மெக்கானிக்) விட்டுவிட்டால், பிறகு அது பிய்ந்து பெரியதற்குள் சிக்கி இரண்டும் போகும். இசுசு சத்தம் போடும், டீசலைக் குறைவாகக் குடிக்கும். என்னைக் கேட்டால் நான் இசுசு கட்சி. உங்களிடம் வந்திருப்பது ஹைலக்ஸ், அதனால் அதையே பேசுவோம்.

2003இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு 1988 டீசல் ஹைலக்ஸைக் கடலில் முக்கி, தீ வைத்து, இடிக்கப்போகிற கட்டடத்தின் உச்சியில் வைத்து, கட்டடத்தோடு சரித்துக் காட்டினார்கள். அப்புறமும் ஓடியது. ஒட்டுக்கடையில் டீசல் பேச்சு வந்தால் யாராவது இதை எடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த வண்டி வருஷக்கணக்காக உரம் சுமக்கவில்லை!

தோட்டத்து வண்டிக்கு எமன் உரம்தான். செம்பனைக்குப் போடுகிற பொட்டாஷ், பொட்டாசியம் குளோரைடு, சாப்பாட்டு உப்புக்கு உறவுக்காரன். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தி, பின்தட்டின் இடுக்கு வழியாக இறங்கி, சேஸியின் பெட்டிக்குள் போய்ச் சேற்றோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். மழை பெய்யப் பெய்ய உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். எங்கள் வண்டி ஒன்றில், பின் அச்சுக்கு மேலே சேஸி வளைந்து ஏறுகிற இடத்தில், ஸ்பிரிங் கொக்கி மாட்டும் தகட்டைப் பொமன் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினார். முன்பக்கம் 'டிங்' என்று கேட்ட இரும்பு அங்கே 'தொப்' என்றது. முனையைத் திருப்பிக் குத்தினார், பிடி வரை இறங்கியது. உள்ளேயிருந்து கொட்டிய துருவில் உரத்தின் இளஞ்சிவப்புத் துகள் இன்னும் இருந்தது. அந்த நிலையிலும் எஞ்சின் ஒரே சாவியில் பிடித்தது.

ஆகவே மாமா வீட்டுக்குப் போனால் முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள். தட்டிப் பாருங்கள். அடியில் புதிதாகக் கறுப்புச் சாயம் அடித்திருந்தால் இன்னும் நன்றாகத் தட்டுங்கள். எஞ்சினைப் பார்க்கக் காலையில் போங்கள். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க மாமா" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கவனியுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட்டோ கேஸ்கெட்டோ போயிருக்கிறது. எண்ணெய் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இதெல்லாம் செலவுதான், ஆனால் நம் ஊரில் தீர்க்க முடிகிற செலவு. சேஸிக்கு ஒட்டுப் போட்டு அதன் மேல் ஒரு டன் குலையை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வர நான் துணிய மாட்டேன்.

டீசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019இல் இங்கே பி10 வந்தது, அதாவது பத்து சதவீதம் பாமாயிலிலிருந்து வருகிற பயோடீசல். நாம் ஏற்றிய குலையே திரும்ப நம் டேங்குக்கு வருகிறது! பம்புக்கு இது கெடுதல் இல்லை, வழவழப்பு கூடுகிறது. ஆனால் பழைய டேங்கின் அழுக்கைக் கரைத்து ஃபில்டரை அடைக்கும். பழைய ரப்பர் குழாயும் பம்பு சீலும் ஊறிக் கசியும். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டி என்றால் ஃபில்டரையும் குழாய்களையும் மாற்றிவிட்டே எடுங்கள். விலையும் முன்பு போல இல்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே இரவில் 3.35 ஆனது. தகுதி உள்ள டீசல் வண்டிக்காரர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் மாதம் 200 வெள்ளி தர புடி மடானி என்ற அரசாங்க உதவித்திட்டம் வந்தது. கிரான் (வண்டியின் பதிவுப் பத்திரம்) உங்கள் பெயரில் இருந்தால்தான் வண்டிக்கென்று அதைக் கேட்க முடியும், அதனால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெயர் மாற்ற வண்டிகளைப் பரிசோதிக்கிற நிறுவனமான புஸ்பகோமின் சோதனை வேண்டும். அங்கே சேஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கிரானோடு ஒப்பிடுவார்கள். 2எல் போன இடத்தில் ஹாஃப்கட் கடையிலிருந்து (பழைய வண்டிகளை அறுத்து உதிரிபாகம் விற்கிற கடை) 3எல் வாங்கி இறக்குவது இங்கே சர்வ சாதாரணம். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் அதைப் பதியாமல் விட்டிருந்தால் சோதனையில் மாட்டும். சேஸி எண் துருவில் அழிந்திருந்தாலும் இதே கதைதான்.

மாமாவிடம் இதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. பேசும்போது "புஸ்பகோம் முடிஞ்சதும் காசு தர்றேன் மாமா" என்று மட்டும் சொல்லுங்கள், யாருக்கும் மனத்தாங்கல் வராது. சேஸி இற்றுப்போயிருந்து எஞ்சின் நன்றாக இருந்தால், அதையும் கியர்பாக்ஸையும் மட்டும் ஹாஃப்கட் கடையில் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள். மாமாவுக்கு அதில் கிடைப்பதே நீங்கள் தருவதைவிட அதிகமாக இருக்கலாம்.