கேஷ் டேபிள் விளக்கும் தனி எலக்ட்ரானும்

கேள்வி: எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கேஷில் உட்காருகிறேன். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் நோட்டின் நம்பர் ஒளிர்கிறது. ஆனால் நாங்கள் விற்கும் வெள்ளை வேட்டியும் அதே விளக்கில் பளீரென்று ஒளிர்கிறதே? இப்போது ‘ஒளிரும் ரேடிக்கல்’ என்று புது மை வரப்போகிறது, யாராலும் போலி செய்ய முடியாது என்கிறான் என் மகன். நிஜமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் வேட்டி. துணியிலும் சாதாரண வெள்ளைத் தாளிலும் வெண்மையைக் கூட்ட ஒரு சாயம் ஏற்றுகிறார்கள். அது புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். நோட்டுத் தாளில் அதைச் சேர்ப்பதில்லை. அதனால்தான் தாள் மங்கிக் கிடக்க, நம்பரும் வண்ண இழைகளும் மட்டும் எடுப்பாகத் தெரிகின்றன. தாள் முழுக்க நீலமாக மின்னினால் சந்தேகப்படுங்கள். ஆனால் சட்டைப்பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய் வந்த நல்ல நோட்டும் சோப்புத்தூளால் அப்படி மின்னும் அம்மா. நீர்க்குறியையும் பாதுகாப்பு இழையையும் பார்க்காமல் வாடிக்கையாளரிடம் வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள்.

இனி ரேடிக்கல். மணலியில் ரெசின் லேபில் வேலை பார்த்தவன் நான். எங்களுக்கு ரேடிக்கல் என்றால் கண் சிமிட்டும் நேரம்கூட நிற்காத சரக்கு. காசிமேட்டில் ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கோபால்ட் கலந்த ரெசினில் ஹார்டனரை ஊற்றிக் கலக்குவார்கள். (கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் ஆபத்து, தீப்பிடித்துவிடும்.) ஹார்டனர் உடைந்து ரேடிக்கல்கள் பிறக்கும். ஜோடி இல்லாத ஒற்றை எலக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறுகள் அவை. பக்கத்தில் கிடைத்ததைப் பிடித்துச் சங்கிலி கோத்து, சங்கிலியோடு சங்கிலியைப் பின்னி, டப்பா கை பொறுக்காத சூடாகி, கல்லாய் இறுகும். மேல்பரப்பு மட்டும் பிசுபிசுவென்று நின்றுவிடுவதும் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே ரேடிக்கல்களைப் பிடித்துத் தின்றுவிடுகிறது.

இப்படிப்பட்ட ரேடிக்கல் ஒன்றைப் பிடித்து வைக்க முடியும் என்று 1900-ல் காட்டியவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த மோசஸ் கோம்பர்க். அவருடையதும் ஆக்சிஜன் பட்டால் தாங்காது. பின்னால் வந்தவர்கள் நடுக் கார்பனைச் சுற்றி மூன்று பென்சீன் வளையம், அவற்றில் மொத்தம் ஒன்பது குளோரின் அணு என்று வைத்தார்கள். பருத்த குளோரின்கள் வளையங்களை விசிறி இறக்கை போலத் திருப்பி, ஒற்றை எலக்ட்ரானை யாரும் நெருங்காமல் காக்கின்றன. இதன் பெயர் டிடிஎம். காற்றில் நிற்கும், ஆரஞ்சும் சிவப்புமாக ஒளிரும். ஆனால் கரைசலில் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் சிதையும். டோக்கியோ பல்கலைக்கழகத்தார் 2014-ல் ஒரு வளையத்தைப் பிரிடினாக (ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் உட்கார்ந்த வளையம்) மாற்றி, ஒளியை 100 மடங்குக்கும் மேல் தாங்குகிற ஒன்றைச் செய்தார்கள்.

ரெசின் இறுகும்போது சங்கிலிகள் பின்னி உண்டாகும் பாலிமர் வலைக்கு இங்கே என்ன வேலை? இந்த மூலக்கூறுகள் நெருக்கியடித்துக் கிடந்தால் ஒளி மங்கும், நிறமும் சிவப்புப் பக்கம் நகரும். கெட்டியான வலை அவற்றைத் தள்ளித் தள்ளி உட்காரவைக்கிறது. அப்படியென்றால் ஒரே மூலக்கூறை ஒரு எழுத்தில் அடர்த்தியாகவும் இன்னொன்றில் நீர்க்கவும் வைத்து, விளக்கடியில் இரண்டு நிறம் காட்டலாம். வேறு சில பொருள்களில் புற ஊதா பட்ட இடத்தில் மட்டும் ரேடிக்கல் பிறந்து எழுத்து தெரியும், சூடாக்கினால் அழியும்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது நிறமே இல்லை. சிவப்பாக ஒளிரும் சாயம் யாருக்கும் கிடைக்கும், உங்கள் விளக்கை ஏமாற்ற அது போதும். ஆனால் ஜோடியில்லா எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம். காந்தப்புலத்தில் வைத்து மைக்ரோவேவ் செலுத்தும் ஈ.எஸ்.ஆர். கருவியில் அது தன் முத்திரையைக் காட்டும். சாதாரணச் சாயம் அங்கே வாயே திறக்காது. கடையில் நிறம், சோதனைச்சாலையில் காந்தம் என்று இரண்டு பூட்டு. “போலி செய்யவே முடியாது” என்பதை மட்டும் உங்கள் மகன் கொஞ்சம் அடக்கிச் சொல்லட்டும். வேதியியல் தெரிந்தவனுக்கு இதைச் செய்வது கஷ்டம், முடியாததல்ல. கை மாறி, வியர்வை பட்டு, வெயிலில் காயும் நோட்டைவிட, பெட்டிக்குள் இருக்கும் மருந்து லேபிளுக்குத்தான் இது முதலில் பொருந்தும் என்பது என் கணிப்பு.

கேள்வி: ரேடிக்கல் பக்கத்தில் இருந்தாலே ஒளிர்வு அணைந்துவிடும் என்றுதானே படித்தோம்?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள் தம்பி, பெரும்பாலான ரேடிக்கல்கள் அப்படித்தான். டிடிஎம் குடும்பம் விதிவிலக்கு. அதிலும் கார்பசோல் போன்ற எலக்ட்ரான் கொடுக்கும் தொகுதியைக் கோத்தால் ஒளி இன்னும் கூடும். செல்போன், டிவி திரைகளில் இருக்கும் ஓஎல்இடி-யில் மின்சாரத்தால் கிளர்த்தும்போது, சாதாரண மூலக்கூறுகளில் நான்கில் மூன்று பங்கு கிளர்ச்சி ஒளிராத மும்மை நிலைக்குப் போய்விடும். ஒற்றை எலக்ட்ரானுக்கு அந்தக் குழியே இல்லை. சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து 2018-ல் ஆழ்ந்த சிவப்பு ஓஎல்இடி-யில் 27 சதவீதச் செயல்திறன் எட்டியது இப்படித்தான்.