எல்லாமே மீட்பா?

அன்புள்ள ஐயா,

2024 மார்ச்சில் அமெரிக்காவின் பால்டிமோரில் சரக்குக் கப்பல் மோதிப் பாலம் இடிந்ததைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரெஸ்க்யூ, ரெகவரி, சால்வேஜ் என்று மூன்று சொற்கள் மாறிமாறி வருகின்றன. அகராதியில் பார்த்தால் மூன்றுக்கும் ‘மீட்பு’ இருக்கிறது. அப்படியே போட்டுவிடலாமா? அப்புறம், கிரிக்கெட்டில் ‘சால்வேஜ் எ டிரா’ என்கிறார்களே, அதுவும் மீட்புதானா?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

போட்டுவிடாதீர்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட சம்பவமே அந்த மூன்று சொற்களையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. மார்ச் 26 அதிகாலை, பாலத்தின் மேல் சாலைக் குழிகளை அடைக்கும் வேலையில் எட்டுப் பேர் இருந்தார்கள். பிழைத்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்களை அன்று பகல் முழுக்கத் தேடியது ரெஸ்க்யூ. மாலையில், இனி யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று கடலோரக் காவல்படை சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அதே ஆற்றில், அதே படகுகளில் நடந்த தேடலின் பெயர் ரெகவரி. அந்தச் சொல் மாறினாலே ஆங்கிலம் தெரிந்தவருக்கு நெஞ்சு கனத்துவிடும், ஏனென்றால் தேடுவது இனி ஆட்களை அல்ல, உடல்களை. ஆறாவது உடல் மே 7-ல்தான் கிடைத்தது.

நம் செய்தித்தாள்களில் ‘சிறுவன் மீட்பு’ என்றும் வருகிறது, ‘சிறுவன் உடல் மீட்பு’ என்றும் வருகிறது. நடுவில் இருக்கும் அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால் போச்சு. ரெகவரிக்கு நான் ‘உடல்களைத் தேடி எடுப்பது’ என்றே எழுதுவேன். நீளம்தான், பரவாயில்லை.

சால்வேஜ் பொருள் சம்பந்தப்பட்டது. பால்டிமோரில் உடைந்த இரும்பை வெட்டி எடுத்ததும், மே 20-ல் கப்பலை நகர்த்தியதும், ஜூன் 10-ல் கப்பல் பாதையை முழுமையாகத் திறந்ததும் அந்தக் கணக்கில் வரும். (கொழும்புக்குப் புறப்பட்ட கப்பல் அது. மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள்.) கடல் சட்டத்திலிருந்து வந்த சொல் இது. மூழ்க இருந்த கப்பலையோ சரக்கையோ காப்பாற்றிக் கொடுத்தவருக்குத் தரவேண்டிய வெகுமதிக்கும் இதே பெயர்தான். முயற்சி பலிக்காவிட்டால் காசு கிடையாது என்பது அதன் பழைய விதி. இன்னொரு விசித்திரமும் உண்டு. உயிரைக் காப்பாற்றியதற்கு, பிழைத்தவரிடம் கூலி கேட்க முடியாது. 1989-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையும் அப்படித்தான் சொல்கிறது. பொருளைக் காப்பாற்றினால் பணம், ஆளைக் காப்பாற்றினால் கடமை.

சரி, தமிழில் என்ன போடுவது? உங்கள் ஊர்ப்பக்கமே பதில் இருக்கிறது. அறுவடை நேரத்தில் மழை அடித்து வயல் சாய்ந்துவிட்டால் என்ன கேட்பார்கள்? ‘எத்தனை மூட்டை தேறும்?’ போனது போனதுதான், மிச்சத்தில் எது உபயோகப்படும் என்பதுதான் அந்தக் கேள்வி. சால்வேஜின் உயிரும் அதுவே. ‘மீட்பு’ அப்படி இல்லை, முழுதாகத் திரும்ப வந்தாக வேண்டும். அடகு வைத்த சங்கிலியை மீட்டால் முழுச் சங்கிலியும் கைக்கு வரவேண்டும், பாதி வந்தால் சண்டை. ஆங்கிலத்தில் அதற்கு ரிடீம் என்று தனிச்சொல் உண்டு. அடகுக்கும் அதுதான், கிறிஸ்தவர்களின் மீட்பருக்கும் அதுதான். தமிழும் ஆங்கிலமும் இந்த ஓர் இடத்தில் ஒரே மாதிரி யோசித்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆக, கப்பல் பகுதியில் ‘தேறியதை எடுப்பது’, ‘சிதைவுகளை அகற்றுவது’ என்று இடத்துக்கு ஏற்றபடி எழுதுங்கள். ‘தேற்றுவது’ என்று மட்டும் எழுதவேண்டாம், கப்பலுக்கு யாரோ ஆறுதல் சொல்கிறார்கள் என்று படித்துவிடுவார்கள்.

கிரிக்கெட்டுக்கும் இதே வினைச்சொல் பொருந்தும். 2021 ஜனவரி சிட்னி டெஸ்ட் ஞாபகமிருக்கிறதா? முதுகுவலியோடு அஸ்வினும், தொடைத்தசை பிடித்துக்கொண்ட விஹாரியும் கடைசி நாள் ஆட்டம் முடியும்வரை அவுட்டாகாமல் நின்றார்கள். அதை ‘டிராவை மீட்டார்கள்’ என்று எழுதினால் எங்கோ அடகு வைத்திருந்த டிரா மாதிரி இருக்கும். ‘டிராவாவது தேறியது’ என்று எழுதுங்கள். அந்த ‘ஆவது’ முக்கியம்.