கணக்கு வாத்தியாரும் கட்சிக் கணக்கும்

கேள்வி: சார், எங்க மாமா கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர், மளிகைக்கடை பில்லுல ஒரு ரூபா இடிச்சாலும் கண்டுபிடிச்சிடுவார், ஆனா அவர் கட்சிக்காரங்க ஒரு புள்ளிவிவரம் சொன்னா மட்டும் அப்படியே எடுத்து ஃபேமிலி வாட்ஸப் குரூப்புல போட்டுடறார். இவ்ளோ படிச்சும் ஏன் இப்படி?
- வாசகி, கும்பகோணம்

பதில்: படிச்சதாலயேகூட இருக்கலாம்மா. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழக டான் கஹானும் அவர்கூட இருந்தவங்களும் 2013-ல ஒரு ஆய்வு பண்ணாங்க. 1,100 பேருக்கு மேல கலந்துகிட்டாங்க, அதுல சிலருக்கு ஒரு தோல் க்ரீம் கணக்கு. க்ரீம் போட்டவங்கள்ல 223 பேருக்கு தடிப்பு குறைஞ்சுது, 75 பேருக்கு ஜாஸ்தியாச்சு. போடாதவங்கள்ல 107 பேருக்கு குறைஞ்சுது, 21 பேருக்கு ஜாஸ்தியாச்சு. க்ரீம் நல்லதா? 223-ஐப் பாத்ததும் ஆமான்னு தோணும், ஆனா வகுத்துப் பாத்தா போட்டவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மோசம், போடாதவங்கள்ல ஆறுல ஒருத்தருக்குத்தான். கணக்கு நல்லா வர்றவங்க இதைப் பெரும்பாலும் புடிச்சிட்டாங்க.

வேற சிலருக்கு அதே நம்பர்தான், க்ரீமுக்குப் பதிலா, பொது இடத்துல துப்பாக்கியை மறைச்சு எடுத்துட்டுப் போகத் தடை போட்ட ஊர்கள்ல குற்றம் குறைஞ்சுதா கூடுச்சான்னு மாத்திட்டாங்க, அவ்ளோதான், துப்பாக்கித் தடைன்னா அங்க ரெண்டு கட்சிக்கும் ஆகாத சண்டை, கணக்குப் புலிகளே கட்சி பிரிஞ்சுட்டாங்க. மேலோட்டமா பாத்த விடை நம்ம பக்கம் இருந்தா அதோட விட்டுடறது, இல்லைன்னாதான் பேனாவை எடுத்து வகுக்கறது. (பின்னாடி இதே ஆய்வைச் செஞ்சு பாத்த எல்லாருக்கும் இது இவ்ளோ பளிச்சுன்னு வரலை, அதனால இதைக் காட்டி மாமாவை மடக்கக் கிளம்பிடாதீங்க.)

யோசிச்சுப் பாருங்க, மாமா அந்தப் புள்ளிவிவரத்தை நம்பறதால நாட்டுல ஒண்ணும் கூடவோ குறையவோ போறதில்லை, ஆனா 'இது தப்பா இருக்கேப்பா'ன்னு ஒரு வார்த்தை சொன்னார்னா சாயங்காலம் டீக்கடையில அவர் பக்கத்துல உக்கார ஆள் இருக்காது. அவர் கணக்கு அவருக்கு சரியாத்தான் வருது.

கேள்வி: தலைவர் சொன்னா தலையாட்ட நான் என்ன ஆடா? நான் திட்டத்தைப் பாத்துதான் ஆதரிக்கிறேன்.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: எல்லாரும் அப்படித்தாங்க சொல்றோம். ஜெஃப்ரி கோஹன்னு ஒரு சமூக உளவியலாளர் 2003-ல வெளியிட்ட ஆய்வுல, மாணவர்கள்கிட்ட ஏழைகளுக்கான அரசு உதவித் திட்டத்தை ரெண்டு விதமா எழுதிப் படிக்கக் குடுத்தார். ஒண்ணு தாராளமானது, இன்னொண்ணு படு கறார். 'உங்க கட்சி இதை ஆதரிக்குது'ன்னு ஒரு வரி சேத்ததும், ஏழைகளுக்கு அள்ளிக் குடுக்கணும்னு சொல்ற ஆளுங்களே கறார் திட்டத்துக்கு கை தூக்கினாங்க. கட்சிக்காகவான்னு கேட்டா, சேச்சே, திட்டத்தைப் படிச்சுதான் முடிவு பண்ணோம், எதிர்ப்பக்கக் கட்சிக்காரங்கதான் மேலிடம் சொன்னா கேப்பாங்கன்னாங்க.