டைட்டானிக்கின் துரு – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தூத்துக்குடியில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எந்தப் படகு மேலே ஏறினாலும் எங்களுக்கு முதல் வேலை துருவைத் தட்டி எடுப்பதுதான். போன வாரம் என் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். டைட்டானிக்கின் முன்மூக்கில் இருந்த கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் உடைந்து விழுந்து கிடந்தது. “தினமும் கப்பலைத் துருப்பிடிக்காம பாத்துக்கிறீங்களே அப்பா, அதை மட்டும் ஏன் யாரும் பாத்துக்கல?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நாங்கள் கப்பலின் அடிப்பாகத்தில் ஜிங்க் கட்டிகளை வைத்து வெல்டு அடிப்போம். உப்புத் தண்ணீர் இரும்பை விட்டுவிட்டு ஜிங்கைத் தின்னும். டைட்டானிக்குக்கு அதைச் செய்ய முடியாதா? முடியாதென்றால் மேலே தூக்கிவிடலாமே? கண் முன்னால் அழிய விடுவது பாவம் இல்லையா? இன்னொரு பக்கம், 1,500 பேர் செத்த இடத்தில் கை வைக்கலாமா என்றும் மனசு கேட்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., தூத்துக்குடி

*

அன்புள்ள க.,

உங்கள் மகளின் கேள்வி என்னை நாலைந்து நாள் விடவில்லை. அதனால்தான் தாமதம்.

டைட்டானிக்கில் பிடித்திருக்கும் துரு, நீங்கள் பட்டறையில் தட்டி எடுக்கும் துரு மாதிரி இல்லை. நீங்கள் பார்ப்பது செதில் செதிலாக உரிவது. அங்கே அது ஆலம் விழுது போலத் தொங்குகிறது. கப்பலைக் கண்டுபிடித்த ராபர்ட் பலார்ட், கூரையில் தொங்கும் பனிக்கட்டியைப் போல இருக்கிறதென்று அதற்கு ‘ரஸ்டிக்கிள்’ என்று பெயர் வைத்தார். நான் துருவிழுது என்று எழுதுகிறேன். வெளியே செம்பழுப்பாக மெழுகு உருகி வழிந்தது போல இருக்கும். உள்ளே தேன்கூடு மாதிரி துளைகள், தண்ணீர் ஓடும் சின்னச் சின்னக் குழாய்கள். ஆளுயரத்துக்குக்கூட வளரும். நீர்மூழ்கியின் இயந்திரக் கை லேசாகப் பட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்து தண்ணீரைக் கலக்கிவிடும்.

அது வெறும் துரு இல்லை, உயிருள்ள குடியிருப்பு. 1991-ல் மேலே கொண்டுவந்த ஒரு துருவிழுதிலிருந்து பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். கனடாவின் ஹாலிஃபாக்ஸிலும் ஸ்பெயினின் செவில்லிலும் இருந்த ஆய்வாளர்கள் 2010-ல் அது புதிய இனம் என்று அறிவித்து, ‘ஹாலோமோனாஸ் டைட்டானிக்கே’ என்று பெயரிட்டார்கள். இதுபோல இன்னும் பல நுண்ணுயிர்கள் அந்த விழுதுகளுக்குள் கூட்டாக வாழ்கின்றன. சூரிய வெளிச்சமே எட்டாத, ஒன்றிரண்டு டிகிரி குளிரில், நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல 380 மடங்கு அழுத்தத்தில் இந்த வேலை நடக்கிறது. ஆழம் ஏறத்தாழ 3,800 மீட்டர். 2023 ஜூனில் ‘டைட்டன்’ நீர்மூழ்கி நொறுங்கி ஐந்து பேர் இறந்தது டைட்டானிக்கைப் பார்க்க இறங்கிய வழியில்தான்.

சரி, உங்கள் ஜிங்க் கேள்விக்கு வருகிறேன். மூழ்கிய கப்பல்களுக்கு அதைச் செய்திருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1872-ல் மூழ்கிய ‘ஸாந்தோ’ என்ற நீராவிக் கப்பலின் எஞ்சினில் 1984-ல் கடலுக்கு அடியிலேயே அனோடு, அதாவது உங்கள் ஜிங்க் கட்டி மாதிரி இரும்புக்குப் பதிலாகக் கரையும் உலோகக் கட்டி, பொருத்தினார்கள். அடுத்த வருடம் எஞ்சினை மேலே எடுத்து, பல வருடம் பொறுமையாக உப்பை இறக்கிச் சுத்தம் செய்தார்கள். இன்றைக்கு அதைக் கையால் சுற்ற முடிகிறது. துருக்கியின் மர்மரா கடலில் கிடக்கும் ஆஸ்திரேலிய நீர்மூழ்கி ஏஈ-2-க்கும் 2014-ல் அனோடு வைத்தார்கள். ஆக, உங்கள் யோசனை நூற்றுக்கு நூறு தொழில் தெரிந்தவரின் யோசனை.

ஆனால் ஏஈ-2 கிடக்கும் ஆழம் 70 மீட்டர் சொச்சம். அதன் உடம்பும் பெரிதாகக் குலையாமல் ஒரே துண்டாக இருக்கிறது. டைட்டானிக் 269 மீட்டர் கப்பல். இரண்டாக முறிந்து முன்பகுதி ஓரிடத்திலும் பின்பகுதி சுமார் 600 மீட்டர் தள்ளியும் கிடக்கின்றன. முன்மூக்கு ஏறத்தாழ 18 மீட்டர் சேற்றுக்குள் இறங்கி நிற்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் உங்களுக்கே தெரியும்: ஜிங்குக்கும் இரும்புக்கும் மின்தொடர்பு இருந்தால்தான் ஜிங்க் வேலை செய்யும். டைட்டானிக் வெல்டு அடித்த கப்பல் இல்லை. முப்பது லட்சம் ரிவெட் ஆணிகளால் தகடு தகடாகக் கோத்தது. நூறு வருடத்துக்கு மேலாக அந்தக் கோப்புகளுக்கு நடுவில் துரு ஊறிப்போய் நிற்கிறது. ஒரு தகட்டில் ஜிங்க் வைத்தால் பக்கத்துத் தகட்டுக்கு அந்தக் காப்பு போய்ச் சேரும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? அப்புறம் தேய்ந்த கட்டியை மாற்ற, நாலு கிலோமீட்டர் ஆழத்துக்கு மறுபடி மறுபடி போக வேண்டும்.

மேலே தூக்குவதும் அப்படித்தான். பக்கச்சுவரிலிருந்து பிய்ந்து கீழே கிடந்த ஒரு துண்டை, வெறும் 15 டன் சுமார், 1996-ல் தூக்கப் பார்த்தார்கள். பாதி வழிக்கு மேல் வந்து கயிறு அறுந்து திரும்ப விழுந்தது. 1998-ல்தான் வெளியே வந்தது. ஒரு துண்டுக்கே இத்தனை பாடு. துருவிழுது தின்று சல்லடையான முன்பகுதியைத் தூக்கினால், அது தன் எடையிலேயே பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

எனவே உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இல்லை, வழிதான் இல்லை.

என்னென்ன போய்விட்டது என்று பார்த்தால் மனசு கனக்கிறது. பனிப்பாறையை முதலில் கண்டு மணியடித்தார்களே, அந்தக் காவல் கூண்டு 1986 படங்களில் பாய்மரத்தோடு இருந்தது. பிறகு கூண்டு போனது, மரமும் சரிந்தது. கேப்டன் ஸ்மித்தின் குளியல் தொட்டி பல வருடம் அப்படியே இருந்தது. கூரை இல்லாத அறைக்குள் வெள்ளைப் பீங்கான் தொட்டியும் குழாய்களும் மேலிருந்து பார்த்தாலே தெரியும். 2019-ல் போனவர்கள் அதைப் பார்க்க முடியவில்லை. அதிகாரிகள் தங்கிய பகுதியின் சுவர்கள் உள்ளே இடிந்து விழுந்துகொண்டிருக்கின்றன. உங்கள் மகள் காட்டிய கைப்பிடி முன்மூக்கின் இடதுபக்கத்தில் ஏறத்தாழ நாலரை மீட்டர் நீளம். 2022-ல் எடுத்த பதிவில் அது இருக்கிறது. 2024 கோடையில் போனபோது கடல்தரையில் கிடந்தது.

வெண்கலம் மட்டும் அசையவில்லை. மாலுமி மேடையில் மரச்சுவர்களைக் கடல் பூச்சிகள் எப்போதோ தின்று முடித்துவிட்டன. சுக்கான் சக்கரத்தின் மரமும் இல்லை. சக்கரம் மாட்டியிருந்த வெண்கலத் தூண் மட்டும் வெட்டவெளியில் தனியாக நிற்கிறது. முதல் வகுப்பு ஓய்வறையில் இருந்த டயானா சிலை, இரண்டடி உயர வெண்கலம். 1986-ல் ஒருமுறை கண்ணில் பட்டு, பிறகு காணாமல்போய், 2024-ல் சேற்றில் மல்லாந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. கை வைக்கலாமா? என் பதில்: கண் வைக்கலாம், கை வேண்டாம். இதைச் சும்மா சொல்லவில்லை. ஈவா ஹார்ட் என்ற பெண்ணின் வாழ்க்கையைப் படித்த பிறகு எனக்கு வந்த முடிவு இது.

1912-ல் கப்பல் மூழ்கியபோது அதில் இருந்த ஈவாவுக்கு ஏழு வயது. அப்பா அவளையும் அம்மாவையும் உயிர்காக்கும் படகில் ஏற்றிவிட்டுக் கப்பலிலேயே நின்றுவிட்டார். கப்பல் இரண்டாக முறிந்ததைத் தான் கண்ணால் பார்த்ததாக ஈவா கடைசிவரை சொன்னார். வேறு பலரும் சொன்னார்கள். ஆனால் 1912-ல் நடந்த பிரிட்டிஷ் விசாரணை, கப்பல் முறியவில்லை, முழுதாகவே மூழ்கியது என்று எழுதிவிட்டது. சின்னப் பிள்ளை, இருட்டில் எதையோ பார்த்திருப்பாள் என்றுதான் எழுபது வருடத்துக்கு மேல் உலகம் நினைத்தது. 1985 செப்டம்பர் 1-ம் தேதி பலார்டும் ஃபிரான்ஸின் ழான்-லூயி மிஷெலும் சேர்ந்து நடத்திய தேடலில் கப்பல் அகப்பட்டது. இரண்டு துண்டாகக் கிடந்தது. அப்போது ஈவாவுக்கு எண்பது வயது.

இன்னொன்று. பனிப்பாறை கப்பலின் பக்கத்தை முந்நூறு அடிக்குக் கிழித்தது என்றுதான் நாமெல்லாம் படித்தோம். கப்பலைக் கட்டிய பெல்ஃபாஸ்ட் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் எட்வர்ட் வைல்டிங், 1912 விசாரணையிலேயே கணக்குப் போட்டுச் சொன்னார்: தண்ணீர் ஏறிய வேகத்தைப் பார்த்தால் ஓட்டையின் மொத்தப் பரப்பு பன்னிரண்டு சதுர அடிதான் இருக்கும் என்று. யாரும் காதில் வாங்கவில்லை. 1996-ல் சேற்றுக்குள் ஒலியலை செலுத்திப் பார்த்தார்கள். ஆறு மெல்லிய கீறல்கள். மொத்தம் ஏறக்குறைய அவர் சொன்ன அளவு. ஒரு கதவின் பரப்புகூடத் தேறாது.

அந்த இரும்பு ஒரு சாட்சி, க. எந்த ஈவாவை நம்பவில்லையோ அவருக்காக எழுபத்து மூன்று வருடம் கழித்து வந்து சாட்சி சொன்னது. அதே ஈவாதான் கப்பலிலிருந்து பொருள்களை எடுப்பதைக் கடுமையாக எதிர்த்தார். அது அவருடைய அப்பாவின் கல்லறை. 1996-ல் இறக்கும்வரை அந்தப் பேச்சை மாற்றவில்லை. தன் சொல்லை மெய்யாக்கிய கப்பலைத் தொடாதீர்கள் என்று அவரே சொல்லும்போது, எனக்கு அதற்கு மேல் வாதம் இல்லை.

அந்த ஆழத்தில் எலும்பு நிற்காது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு, அதனால் எலும்பு கரைந்துவிடும். ஆனால் பதப்படுத்திய தோலை நுண்ணுயிர்கள் சீண்டுவதில்லை. அதனால் சேற்றில் ஷூக்கள் கிடக்கின்றன. சில இடங்களில் ஜோடியாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்று, கால்கள் இருந்த வாக்கிலேயே. 2004-ல் எடுத்த ஒரு படத்தில் ஒரு கோட்டின் கீழ்முனையும் இரண்டு பூட்ஸும் தெரிகின்றன. அந்தப் படத்தை ஒருமுறைதான் பார்த்தேன்.

ஷூ என்றதும் ஹாலிஃபாக்ஸ் நினைவுக்கு வருகிறது. மீட்ட உடல்களில் 150 அந்த ஊரில்தான் அடக்கமாயின. அதில் ஒரு குழந்தை. பெயர் தெரியவில்லை. ‘அடையாளம் தெரியாத குழந்தை’ என்றே கல் நட்டார்கள். இறந்தவர்களின் உடைகளை எரிக்கச் சொல்லி உத்தரவு. எரித்துக்கொண்டிருந்த போலீஸ் சார்ஜன்ட் ஒருவருக்கு அந்தக் குட்டி ஷூக்களை நெருப்பில் போட மனசு வரவில்லை. எடுத்து வைத்துக்கொண்டார். 2002-ல் அவருடைய பேரன் அவற்றை அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதே வருடம் டிஎன்ஏ சோதனை அந்தக் குழந்தையைப் பதின்மூன்று மாதப் பின்லாந்துக் குழந்தை என்று சொன்னது. ஆனால் ஷூ அந்த வயதுக்குப் பெரிது. அந்தச் சந்தேகத்தில் மறுபடி சோதித்தார்கள். 2007-ல் உண்மைப் பெயர் கிடைத்தது: சிட்னி லெஸ்லி குட்வின், பத்தொன்பது மாதம், இங்கிலாந்திலிருந்து மூன்றாம் வகுப்பில் ஏறிய குடும்பம். அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள். ஒருவரும் பிழைக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு இரண்டாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மார்கோனி தந்திக் கருவி. அதிலிருந்து போன அபாய அழைப்பைக் கேட்டுத்தான் ‘கார்ப்பேத்தியா’ வந்து 700-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டது. தட்டிக்கொண்டிருந்த ஜாக் பிலிப்ஸ் உயிர் பிழைக்கவில்லை. அந்த அறையின் கூரையைத் திறந்து கருவியை எடுக்க 2020-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அனுமதித்தது. அமெரிக்க அரசு எதிர்த்தது. பெருந்தொற்று வந்து திட்டம் நின்றது. எடுத்தால்தான் என்ன, நாளைக்குக் கூரை இடிந்து அதன் மேல்தானே விழப்போகிறது என்று நானும் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. கூரை தானாக விழுவது வேறு, நாம் அறுப்பது வேறு. பிரிட்டனும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 2019-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. கப்பலுக்குள் நுழையவும் பொருள் எடுக்கவும் இந்த இரு நாடுகளின் அனுமதி வேண்டும். அது கறாராக நிற்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

கண் வைக்கலாம் என்றேனே, அதை 2022-ல் ஒழுங்காகச் செய்தார்கள். ஆளில்லாத இரண்டு கருவிகளை இறக்கி, எதையும் தொடாமல், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து முழுக் கப்பலையும் முப்பரிமாணத்தில் பதிந்தார்கள். பின்பகுதியில் ஒரு நீராவி வால்வு திறந்த நிலையில் இருப்பது அதில் தெரிகிறது. கடைசிவரை விளக்கு எரிந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்களே, அதோடு இது பொருந்துகிறது. கீழே நின்று நீராவி விட்டுக்கொண்டிருந்த எஞ்சினியர்களில் ஒருவர்கூட மேலே வரவில்லை. உங்கள் மகளுக்கு அந்தப் பதிவைக் காட்டுங்கள். உடையாத கைப்பிடி அதில் இருக்கிறது.

ஒரு சந்தேகம், நீங்கள்தான் தீர்க்க வேண்டும். ரிவெட் அடித்த பழைய பார்ஜ் ஏதாவது உங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறதா? அதற்கு ஜிங்க் வைக்கும்போது தகட்டுக்குத் தகடு தனித்தனியாக வைப்பீர்களா, ஒன்று போதுமா? மேலே மின்தொடர்பைப் பற்றி நான் எழுதியது படித்துத் தெரிந்துகொண்டது. நீங்கள் கையால் செய்தவர். எழுதுங்கள்.