வாசகர் கேள்வி, நம் பதில்: 25-5ஐத் தோற்கடித்த ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: என் மகன் டென்னசி பல்கலைக்கழகத்தில் படித்தவன். 2022-இல் அவர்கள் பேஸ்பால் அணி வருடம் முழுக்க எல்லோரையும் துவைத்து எடுத்ததாம், கடைசியில் கோப்பை வேறு யாருக்கோ போய்விட்டதாம். இன்னமும் புலம்புகிறான். என்னதான் நடந்தது? (வாசகி, தென்காசி)

பதில்: அவன் புலம்புவதில் நியாயம் இருக்கிறது அம்மா. எஸ்.இ.சி. என்று தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் கான்பரன்ஸ் ஒன்று உண்டு. அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் அதைவிடக் கடினமான லீக் கிடையாது என்பேன். பத்து வாரம், 30 ஆட்டம். டென்னசி அதில் 25 ஜெயித்தது, 5 தோற்றது. தேசியப் போட்டிக்குள் முதல் தரவரிசையோடு நுழைந்தது. கடைசி எட்டு அணிகள் மோதும் ஓமாஹா நகருக்குப் போக இன்னும் ஒரு தொடர்தான் பாக்கி. அதுவும் சொந்த மண்ணில், நோட்டர் டேம் அணியோடு, மூன்றில் இரண்டு ஜெயித்தால் போதும். ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்தாயிற்று. ஞாயிறன்று டென்னசி 3-1 என்று முன்னால் நின்றது. பேஸ்பாலில் ஒரு ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ்; ஏழாவதில் நோட்டர் டேம் அடுத்தடுத்து இரண்டு ஹோம் ரன் (நம் சிக்சர் மாதிரி, வேலியைத் தாண்டும் அடி) அடித்தது. முடிவு 7-3. மொத்தம் 57 வெற்றி, 9 தோல்வி என்ற கணக்கோடு வீட்டுக்குப் போனார்கள்.

கோப்பையைத் தூக்கியது யார் தெரியுமா? அதே கான்பரன்ஸில் 14 ஜெயித்து 16 தோற்ற ஓல் மிஸ், அதாவது மிசிசிப்பி பல்கலைக்கழகம்! ஒரு கட்டத்தில் 7-14 என்று கிடந்த அணி, 64 அணிகள் கொண்ட பட்டியலில் கடைசி இடத்தில் தொற்றிக்கொண்டு உள்ளே வந்தது. ஓல் மிஸ் ஜெயித்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வாரம் சளைக்காமல் ஆடி வாங்கிய 25-5தான் எனக்குப் பெரிய சாதனை. மகனிடம் இதைச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: இரண்டே வருடத்தில், 2024-இல், டென்னசி மறுபடி முதல் தரவரிசையோடு போய்க் கோப்பையையும் வாங்கியது. முதல் தரவரிசை அணி பட்டம் வென்றது 1999-இல் மயாமிக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை.

கேள்வி: பலமான அணி எப்படி இவ்வளவு சுலபமாகக் கவிழ்கிறது? (வாசகர், ஈரோடு)

பதில்: பந்து வீசுகிற கைதான் காரணம். நம் டி20-யில் எவ்வளவு பெரிய பவுலராக இருந்தாலும் நான்கு ஓவரோடு நிறுத்திவிடுவார்கள். பேஸ்பாலில் அந்தத் தடை இல்லை. ஒரே ஆள் ஒன்பது இன்னிங்ஸும் வீசலாம். ஆனால் நூறு பந்துக்கு மேல் வீசிய கை பழைய நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும்.

கான்பரன்ஸ் ஆட்டங்களையோ பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரே எதிரணியோடு மூன்றாக வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு முதல்தர வீச்சாளர் இறங்குவார். ஞாயிறன்று மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆளும் உருப்படியாக வீசினால்தான் பத்து வாரம் தாக்குப்பிடிக்க முடியும். பட்டப் போட்டி நெருக்கமாகும்போது நான் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஸ்கோரைத்தான் முதலில் பார்ப்பேன். ஓமாஹா வேறு கதை. அங்கே கை பழைய நிலைக்கு நன்றாகத் திரும்பிவிட்ட வீச்சாளர் ஒரே ஒருவர் போதும். ஓல் மிஸ்ஸுக்கு டிலன் டெலூசியா அப்படி அமைந்தார். ஆர்கன்சாவுக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸும் தனியாளாக வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 2-0.

கேள்வி: நீங்கள் நேரில் பார்த்த அதிர்ச்சி வெற்றி எது? (வாசகர், காரைக்குடி)

பதில்: 2016 இறுதித் தொடர். அப்போது கன்சாஸ் சிட்டியில் அக்கா வீட்டில் இருந்தேன். மழையால் கடைசி ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போனது எனக்கு அதிர்ஷ்டமாயிற்று. ஜூன் 30 காலையில் கிளம்பி, மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி, ஓமாஹா போய்ச் சேர்ந்தோம்.

ஒரு பக்கம் அரிசோனா, பெயர் பெற்ற அணி. மறுபக்கம் கோஸ்டல் கரோலினா, பிக் சவுத் என்ற சின்னக் கான்பரன்ஸிலிருந்து முதல் தடவையாக ஓமாஹா வந்தவர்கள். கத்துக்குட்டி என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் தொடக்க ஆட்டத்திலேயே முதல் தரவரிசை புளோரிடாவை 2-1 என்று சாய்த்திருந்தார்கள்.

ஆறாவது இன்னிங்ஸில் அரிசோனா ஒரே பந்தில் இரண்டு பிழை செய்ய, கோஸ்டலுக்கு இரண்டு ரன். அடுத்து ஜி.கே. யங் அடித்தார். கல்லூரி ஆட்டத்தில் உலோக மட்டை. சொம்பு தரையில் விழுந்த மாதிரி ‘ணங்’ என்று ஒரு சத்தம். பந்து வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. 4-0. அது மெல்ல மெல்ல 4-3 ஆனது. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட் (மூன்றாவது அவுட்டோடு முடிந்துவிடும்), ரன் எடுக்க ஓடிவரும் வழியில் இரண்டாம் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் அரிசோனா வீரர்கள் நிற்கிறார்கள். ஒரு அடி விழுந்தால் எல்லாம் போச்சு. கோஸ்டலின் அலெக்ஸ் கன்னிங்ஹாம் வீச, மட்டை காற்றைத்தான் வெட்டியது. கோப்பை கோஸ்டலுக்கு! அக்கா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. கீழே கோஸ்டல் பயிற்சியாளர் கேரி கில்மோர் அழுதுகொண்டிருந்தார். அந்த அணியை இருபது வருடமாக வளர்த்தவர் அவர்.

மறுநாள், ஜூலை 1, கோஸ்டல் கரோலினா சன் பெல்ட் கான்பரன்ஸுக்கு மாறியது. பிக் சவுத்தில் அவர்களுடைய கடைசி நாள் அந்த ஜூன் 30தான்.

கேள்வி: அடிமட்டத் தரவரிசையில் வந்த அணி கோப்பை வென்றதுண்டா? (வாசகி, திருச்சி)

பதில்: ஒரே ஒரு தடவை. முதல் சுற்றில் நான்கு நான்கு அணிகளாகப் பிரிப்பார்கள். 1999-இல் இந்த முறை வந்ததிலிருந்து, தன் பிரிவில் நான்காம் இடம் தரப்பட்டு ஓமாஹாவரை போனவர்கள் பிரெஸ்னோ ஸ்டேட் (2008), ஸ்டோனி புரூக் (2012), ஓரல் ராபர்ட்ஸ் (2023), மர்ரே ஸ்டேட் (2025). இவர்களில் கோப்பை தொட்டது பிரெஸ்னோ மட்டும். அதற்குள் 31 ஆட்டம் தோற்றிருந்தார்கள். ஜார்ஜியாவுக்கு எதிரான கடைசி ஆட்டம் 6-1. ஆறு ரன்னையும் அடித்துக் கொண்டுவந்தவர் ஒரே ஆள், ஸ்டீவ் டெட்வைலர். கட்டைவிரல் தசைநார் கிழிந்த கையோடு இரண்டு ஹோம் ரன். கடைசிப் பந்து உயர எழும்பி வந்தபோது, வலது மூலையில் அதைப் பிடித்ததும் அவர்தான்.